பரிசோதனை உண்டு, பரிசீலனை இல்லை

தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022-ஆம் ஆண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்த மாணவர்கள் 2025 ஆகஸ்டில் நான்காம் ஆண்டுக்குள் காலடி வைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் முடிந்துகொண்டிருந்த பி.ஏ.வும் பி.எஸ்.ஸி.யும் அங்கே நான்காம் ஆண்டைப் பார்த்தது அப்போதுதான். வகுப்பறைகள் போதுமா, ஆய்வுக் கட்டுரைக்கு வழிகாட்டப் போதிய ஆசிரியர்கள் இருக்கிறார்களா, எத்தனை பேர் மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு போவார்கள் என்றெல்லாம் பேச்சு எழுந்தது. எல்லாமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி பின்வரிசையில் கிடந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் இந்த மாணவர்கள் என்ன கற்றார்கள்? பழைய மூன்றாண்டுப் படிப்பு தராத எதைப் புதிய படிப்பு அவர்களுக்குத் தந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் யார் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. பாடம் நடத்துகிறவர்கள்தான் கேட்க வேண்டும். சட்டமும் ஏறக்குறைய அதையே சொல்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்திட்டம் துறையின் பாடக் குழுவில் பிறக்கிறது, புலத்துக்குப் போகிறது, அங்கிருந்து கல்விக் கவுன்சிலுக்கும் கடைசியாக நிர்வாகக் கவுன்சிலுக்கும் போகிறது. கல்விக் கவுன்சிலில் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் மட்டுமின்றி, ஆசிரியர்களே வாக்களித்து அனுப்பும் பிரதிநிதிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். காகிதத்தில் பார்த்தால் இதைவிட ஜனநாயகமான ஏற்பாடு இருக்க முடியாது. சென்னை, மதுரை, கோவை என்று எங்கே போனாலும் பெயர்கள்தான் மாறும். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, ஆட்சிக் குழு என்ற படிக்கட்டு ஏறத்தாழ அதேதான்.

இந்தப் படிக்கட்டு ஏறுவதற்கு மட்டுமே பயன்படுவதுதான் பிரச்னை. புதிய படிப்பு ஒன்று கீழிருந்து மேலே போக வழி இருக்கிறது. அந்தப் படிப்பு என்ன ஆயிற்று என்ற செய்தி மேலிருந்து கீழே வர வழி இல்லை. குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா தடபுடலாக நடக்கிறது. அதன் பிறகு ஒருவரும் எடை பார்ப்பதில்லை.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். 2010-இல் தில்லிப் பல்கலைக்கழகம் 13 அறிவியல் படிப்புகளில் செமஸ்டர் முறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அது மற்ற படிப்புகளுக்கும் பரவியது. ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போயிற்று. 2013-இல் நான்காண்டு இளங்கலைப் படிப்பு வந்தது. 2014-இல் அது ரத்தாகி மறுபடியும் மூன்றாண்டு. 2015-இல் விருப்பப் பாடத் தேர்வு முறை. 2019-இல் 'கற்றல் விளைவு' அடிப்படையில் பாடத்திட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. 2022-இல் புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி மீண்டும் நான்காண்டு. ஆக, 2010 தொடங்கி 2022க்குள் ஆறு மாற்றங்கள்.

ஒரு மாணவர் சேர்ந்து முடித்து வெளியேற மூன்று ஆண்டு ஆகிறது. சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு மாற்றம் என்றால், ஒரு முறையின் விளைவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அடுத்த முறை வந்து நிற்கிறது. விதை முளைவிட்டதா என்று பார்க்காமலே வயலை மீண்டும் மீண்டும் உழுகிற விவசாயியை ஊர் என்ன சொல்லும் என்பது தெரிந்ததே. பல்கலைக்கழகத்தில் அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

இந்த ஆறில் 2013-இன் கதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 2012 டிசம்பர் 24 அன்று கல்விக் கவுன்சில் கூடி நான்காண்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஏழே மாதத்தில், 2013 ஜூலையில், படிப்பு தொடங்கிவிட்டது. எந்தத் துறை மாணவரானாலும் 11 அடிப்படைப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். இரண்டாண்டில் வெளியேறினால் டிப்ளமோ, மூன்றாண்டில் பட்டம், நான்காண்டில் ஹானர்ஸ் என்பது திட்டம். பள்ளிக்கூடத்தில் முடித்த கணக்கையும் அறிவியலையும் கல்லூரியில் மறுபடி படிப்பதா என்று மாணவர்கள் கேட்டார்கள். யோசிக்கவும் பாடநூல் தேடவும் நேரம் தரவில்லை என்று ஆசிரியர்கள் குமுறினார்கள். பாடங்களைப் பிரித்துப் பிரித்துப் படித்த தலைமுறையை ஒட்டுமொத்தமாகச் சிந்திக்க வைக்கும் முயற்சி இது என்று துணைவேந்தர் தினேஷ் சிங்கின் தரப்பு வாதாடியது.

இரு தரப்பிலும் விஷயம் இருந்தது. எது சரி என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் இருந்தது. முதல் ஆண்டு முடிந்ததும் அந்த 11 பாடங்களின் விடைத்தாள்களை எடுத்துப் பார்த்து, மாணவர்களையும் ஆசிரியர்களையும் விசாரித்து, இவை வேலை செய்கின்றன, இவை செய்யவில்லை என்று கல்விக் கவுன்சில் ஓர் அறிக்கை தந்திருக்கலாம். நடந்தது வேறு. 2014 மே மாதம் மத்தியில் ஆட்சி மாறியது. ஜூன் 20 அன்று, திட்டத்தைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. ஒரு வாரம் இழுபறி. ஜூன் 27 அன்று பல்கலைக்கழகம் திட்டத்தை வாபஸ் பெற்றது. ஓராண்டு படித்து முடித்திருந்த ஆயிரக்கணக்கான மாணவர்கள் மீண்டும் மூன்றாண்டுச் சட்டத்துக்குள் திணிக்கப்பட்டார்கள். அதே திட்டத்தில் பி.டெக். என்ற பெயரில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் நான்காண்டை முடித்துக்கொள்ள வழி விடப்பட்டது.

திட்டம் நல்லதா கெட்டதா என்பது இன்றுவரை தெரியாது. யாரும் அளந்து பார்க்கவில்லை. வந்தபோது பாடம் நடத்துகிறவர்களின் மதிப்பீட்டின் பேரில் வரவில்லை, போனபோதும் அப்படியே. அதனால்தான் எட்டு ஆண்டு கழித்து அதே எண்ணிக்கையில், வேறு பெயரில், வேறு கொள்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அது திரும்பி வந்தபோது, பழைய அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்ட எவரிடமும் எதுவும் இல்லை. ஒருவரிடம் கசப்பான ஞாபகம் இருந்தது, இன்னொருவரிடம் நிறைவேறாத கனவு இருந்தது. ஆதாரம் யாரிடமும் இல்லை.

இத்தனைக்கும், இந்தியப் பல்கலைக்கழகங்களில் மதிப்பீட்டுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் தொடர்ச்சியாக, 1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று கவுன்சில் பிறந்தது. 'நாக்' என்றால் கல்லூரி வாசலில் நிற்கும் காவலாளிக்கும் தெரியும். தொழில்நுட்பப் படிப்புகளுக்கென அதே ஆண்டு தேசிய அங்கீகார வாரியம் வந்தது. பொறியியல் பட்டங்களைப் பிற நாடுகள் ஏற்க வழிசெய்யும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014 ஜூனில் இந்தியா நிரந்தர உறுப்பினர் ஆனதும், 'விளைவு சார்ந்த கல்வி' என்ற சொல் எல்லாப் பொறியியல் கல்லூரிகளிலும் மந்திரமாயிற்று.

மந்திரத்தின் உட்பொருள் நல்லதே. ஆசிரியர் என்ன நடத்தினார் என்பதைவிட மாணவர் என்ன கற்றார் என்பதுதான் முக்கியம் என்கிறது அது. ஒவ்வொரு பாடத்துக்கும் இன்னின்ன விளைவுகள் என்று எழுத வேண்டும். படிப்பு முழுமைக்கும் சேர்த்து 12 விளைவுகளை அங்கீகார வாரியம் வகுத்திருந்தது. பாடத்தின் விளைவு படிப்பின் எந்த விளைவுக்கு எவ்வளவு உதவுகிறது என்று கட்டம் போட்டு 3, 2, 1 என்று எண் கொடுக்க வேண்டும். தேர்வில் ஒவ்வொரு கேள்வியும் எந்த விளைவைச் சோதிக்கிறது என்று குறிக்க வேண்டும். கடைசியில், எத்தனை சதவீத மாணவர்கள் இலக்கைத் தாண்டினார்கள் என்று கணக்கிட்டு, குறை இருந்தால் பாடத்தை மாற்ற வேண்டும்.

நடைமுறை எப்படி இருக்கிறது என்பதை எந்தப் பொறியியல் கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் கேட்டறியலாம். அங்கீகாரக் குழு வரப்போகிறது என்ற செய்தி வந்ததும், மூன்று ஆண்டுக் கட்டங்கள் மூன்று வாரத்தில் நிரப்பப்படுகின்றன. பக்கத்துக் கல்லூரியின் கோப்பு மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. எண்கள் முதலில் முடிவாகின்றன. அவற்றுக்கு ஏற்ப மதிப்பெண்கள் பின்னால் பிரிக்கப்படுகின்றன. இலக்கு 60 சதவீதம் என்றால் அடைந்தது 62 சதவீதம் என்று வரும். 95 என்று வந்தால் சந்தேகம் எழும், 40 என்று வந்தால் விளக்கம் எழுத வேண்டும். 'குறை கண்டு திருத்தியது' என்ற பத்திக்காகவே ஒன்றிரண்டு சின்னக் குறைகள் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. பாடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வது எளிது, நியாயமல்ல. தேர்வு முறையின் அமைப்பே அவர்கள் கையைக் கட்டிப்போடுகிறது. இணைப்புக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவர் பாடத்திட்டத்தை எழுதுவதில்லை, ஆண்டிறுதி வினாத்தாளைத் தயாரிப்பதில்லை, தன் மாணவரின் விடைத்தாளைத் திருத்துவதுமில்லை. நேர்மைக்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆனால் தன் மாணவர் எங்கே தடுக்கினார் என்பதை ஆசிரியர் கடைசிவரை அறியாமலே போவது அதன் பக்கவிளைவு. மதிப்பெண் மட்டும் வருகிறது, காரணம் வருவதில்லை. தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தானே விளைவு எழுதிக் கையெழுத்திடச் சொன்னால், கையெழுத்து வரும். மதிப்பீடு வராது.

வெளியிலிருந்து வரும் மதிப்பீட்டுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. 'நாக்' குழு இரண்டு மூன்று நாள் வந்து போகிறது. கொடுத்த தகுதி பொதுவாக ஐந்து ஆண்டு நிற்கிறது. தகுதி நல்லதாக இருந்தால் மாணவர் சேர்க்கை, தன்னாட்சி, மானியம், விளம்பரப் பலகை என எல்லாம் பின்னால் வரும். இவ்வளவு பரிசு தொங்கும் இடத்தில் உண்மை பேச யாருக்கு மனம் வரும்? பெயின்ட் வாசனை போகாத சுவர்களும், புதிதாக முளைத்த பூந்தொட்டிகளும், ஒத்திகை பார்த்த பதில்களும்தான் குழுவை வரவேற்கும். 2017-இல் முறை மாற்றப்பட்டது. எண்ணிக்கை சார்ந்த அளவுகோல்களுக்கு அதிக இடம் தரப்பட்டது, விவரங்களை மூன்றாம் தரப்பினர் சரிபார்க்க ஏற்பாடாயிற்று, மாணவர்களின் கருத்தும் கேட்கப்பட்டது. நோய் தீரவில்லை. சில நிறுவனங்கள் தவறான வழியில் தகுதி பெறுவதாகக் கவலை தெரிவித்துவிட்டு, 2023 மார்ச்சில் அந்த அமைப்பின் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில், ஆந்திரத்தில் ஒரு கல்வி நிறுவனத்துக்கு உயர்ந்த தகுதி அளிக்க லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் சி.பி.ஐ. கைது செய்தது. குற்றத்தை நிரூபிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் கைதானவர்களில் பேராசிரியர்கள் இருந்தார்கள் என்பதே கல்வியுலகம் தலைகுனியப் போதுமானது.

இதற்கு முன்பே, 2024 ஜனவரியில், இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி ஏ, பி, சி என்ற தரவரிசையை விட்டுவிட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற இருநிலை முறைக்கு மாறப்போவதாக அறிவிக்கப்பட்டது. எழுத்தை மாற்றுவதால் ஏதாவது நல்லது நடக்கலாம். ஆனால் எந்த எழுத்தும், எந்த எண்ணும், ஒரு வகுப்பறைக்குள் நடப்பதை வெளியே இருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்க வேண்டும்.

உள்ளே இருப்பவர்கள் வாய் திறந்தால் என்ன நடக்கிறது என்பதற்கும் தில்லியே உதாரணம் தருகிறது. வரலாற்றுப் படிப்பில் இருந்த ஏ.கே. ராமானுஜனின் ராமாயணக் கட்டுரை 2011 அக்டோபரில் நீக்கப்பட்டது. சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே ராமானுஜன்தான். அந்தக் கட்டுரை குறித்துக் கருத்துச் சொல்ல அமைக்கப்பட்ட நான்கு வல்லுநர்களில் மூவர், அது இருக்கலாம் என்றே சொல்லியிருந்தார்கள். கல்விக் கவுன்சிலில் பெரும்பான்மை வேறு பக்கம் சாய்ந்தது. வல்லுநர் மூவரின் கருத்து கோப்பில் தங்கியது.

பத்து ஆண்டு கழித்து, 2021-இல், ஆங்கில இலக்கியப் படிப்பில் பெண் எழுத்து என்ற தாளிலிருந்து மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதை நீக்கப்பட்டது. அதோடு தமிழின் தலித் எழுத்தாளர்கள் பாமாவும் சுகிர்தராணியும் நீக்கப்பட்டார்கள். நீக்கச் சொன்னது அந்தத் துறையல்ல. 2019-இல் சில பாடத்திட்டங்கள் பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு அமைக்கப்பட்ட மேற்பார்வைக் குழு. சம்பந்தப்பட்ட துறைகளின் வல்லுநர்கள் இல்லாமல் இப்படி ஒரு குழு எந்த அதிகாரத்தில் முடிவு செய்கிறது என்று கேட்டு, கல்விக் கவுன்சில் உறுப்பினர்கள் 15 பேர் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எதிர்ப்பு பதிவாயிற்று, முடிவு நின்றது. அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் 2022 முதல் நான்காண்டுப் படிப்பு என்ற தீர்மானமும் கல்விக் கவுன்சிலில் நிறைவேறியது.

பாமாவைப் பாடமாக வைக்கலாமா கூடாதா என்று விவாதிக்கலாம். எந்த எழுத்தாளருக்கும் பாடத்திட்டத்தில் நிரந்தரப் பட்டா கிடையாது. ஆனால் விவாதிக்க ஓர் ஒழுங்கு உண்டு. அந்தத் தாளை நடத்தியவர்கள், அதைப் படித்த மாணவர்கள் என்ன எழுதினார்கள், என்ன கேட்டார்கள், எது அவர்களை யோசிக்க வைத்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அதன் பேரில் முடிவு வந்திருந்தால், நீக்கமானாலும் அது கல்வி சார்ந்த முடிவாக இருந்திருக்கும். ஆசிரியர்கள் படிப்பை மேற்பார்வை செய்ய வேண்டிய இடத்தில் ஆசிரியர்களை மேற்பார்வை செய்ய ஒரு குழு வந்து உட்கார்ந்ததுதான் விபரீதம்.

ஆனால் நாற்காலி காலியாக இருந்ததால்தானே இன்னொருவர் வந்து உட்கார முடிந்தது? இந்தக் கேள்விக்கு ஆசிரியர் சமூகம் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பணிமூப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் பற்றி ஆசிரியர் சங்கங்கள் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. அவை தேவையான போராட்டங்கள்தான். தாங்கள் நடத்தும் ஒரு படிப்பு எப்படி நடக்கிறது என்று தாங்களே ஆராய்ந்து, குறைகளையும் மறைக்காமல் வெளியிட்ட அறிக்கைகள் எத்தனை? மாணவர் கருத்துக் கணிப்பு என்றாலே முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை மாணவருக்கு மாணவர் வித்தியாசம் தெரியாமல் வாரி வழங்குவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. எல்லோருக்கும் 25க்கு 23 என்றால் அது மதிப்பீடு அல்ல, பிரசாதம். சுயாட்சி வேண்டும் என்று கேட்பவர், சுயபரிசோதனைக்கும் தயாராக இருக்க வேண்டும்.

தயாராக இருப்பதற்குத் துணிவு வேண்டும். துணிவுக்கு வேலைப் பாதுகாப்பு வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் 'அட்-ஹாக்' ஆசிரியர்களாக வேலை பார்த்தார்கள். ஒரு நியமனத்தின் ஆயுள் அதிகபட்சம் 120 நாள். நாலு மாதத்துக்கு ஒரு முறை புதிய கடிதத்துக்காகக் காத்திருந்தவர்களில் சிலர் பத்து ஆண்டுக்கும் மேலாக அப்படியே காலம் தள்ளினார்கள். 2019 டிசம்பரில் அது பெரிய போராட்டமாகவே வெடித்தது. பின்னர் நிரந்தர நியமனங்கள் நடந்தன. பலருக்கு வேலை உறுதியாயிற்று, நீண்ட காலம் பணியாற்றிய சிலர் வெளியேறவும் நேர்ந்தது. நாடெங்கும் கௌரவ விரிவுரையாளர், ஒப்பந்த ஆசிரியர் என்று இந்த வகைக்குப் பல பெயர்கள். அடுத்த மாதச் சம்பளம் உறுதியில்லாதவரிடம், 'நம் துறையின் இந்தப் பாடம் பயனற்றது' என்று கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்வது அநியாயம். மதிப்பீட்டின் நேர்மைக்கும் நியமனத்தின் நேர்மைக்கும் உள்ள தொடர்பை எந்தத் தரச்சான்று அளவுகோலும் அளந்ததாகத் தெரியவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அதுவும் இந்த நாட்டிலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகங்கள் சட்டம், ஐ.ஐ.டி.களில் பயிற்றுவித்தல், தேர்வு ஆகியவற்றின் தரத்தைக் காக்கும் பொறுப்பை செனட் என்ற ஆசிரியர் மன்றத்திடம் ஒப்படைத்தது. 1959-இல் தொடங்கிய கான்பூர் ஐ.ஐ.டி. 1962 முதல் பத்தாண்டு ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் ஒத்துழைப்போடு வளர்ந்தது. பாடம் நடத்துகிறவரே வினாத்தாள் தயாரித்துத் திருத்தும் முறை அங்கே வேரூன்றியது. ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் துறையின் இளங்கலைக் குழுவில் தொடங்கி செனட்டின் இளங்கலைக் குழு வழியாகப் போகிறது. அந்தக் குழுக்களில் மாணவர்களும் உட்காருகிறார்கள். பாடத்திட்டம் முழுவதையும் அவ்வப்போது உரித்துப் பார்க்க ஆசிரியர்களே குழு அமைக்கிறார்கள்.

தில்லியின் ஏறத்தாழ 90 கல்லூரிகளையும், தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளையும் கான்பூரோடு ஒப்பிடுவது சரியல்ல என்று சொல்வார்கள். உண்மைதான். அங்கே வடிகட்டி எடுத்த மாணவர்கள், தாராளமான நிதி, ஒரே வளாகம். அங்கேயும் எல்லாம் சொர்க்கம் என்று சொல்லிவிட முடியாது. மாணவர்களின் மன அழுத்தம் பற்றி அந்தக் கழகங்களே கவலைப்படுகின்றன. ஆனால் பின்பற்ற வேண்டியது கட்டடத்தையோ கருவியையோ அல்ல. நடத்துகிறவரிடமே அதிகாரம், அந்த அதிகாரத்தோடு சேர்ந்தே பொறுப்பு என்ற கொள்கையைத்தான். அதற்குப் பணம் தேவையில்லை.

பணம் அதிகம் இல்லாமல் என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் எளிய யோசனை. ஒவ்வொரு ஆண்டும் லட்சக்கணக்கான விடைத்தாள்கள் திருத்தப்படுகின்றன. மதிப்பெண் எடுத்ததும் அவை மூட்டை கட்டப்பட்டு, காலக்கெடு முடிந்ததும் பழைய காகிதமாகின்றன. மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதற்கு நாட்டில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரக் குவியல் அது. ஒரு பாடத்தில் பல வகைக் கல்லூரிகளிலிருந்து 200 விடைத்தாள்களை, பெயர் எண் இல்லாமல், பொறுக்கி எடுக்கலாம். அந்தப் பாடத்தை நடத்தும் பத்து ஆசிரியர்கள் நான்கு நாள் உட்கார்ந்து, மதிப்பெண் போடாமல், படிக்க மட்டும் செய்யலாம். மாணவர்கள் எந்தக் கேள்வியைத் தவிர்த்தார்கள், எங்கே மனப்பாடம் தெரிகிறது, எங்கே சொந்தச் சிந்தனை எட்டிப் பார்க்கிறது, எந்தக் கருத்தை ஏறக்குறைய எல்லோருமே தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஐந்து பக்க அறிக்கை எழுதலாம். கட்டம் வேண்டாம், 3, 2, 1 வேண்டாம்.

அந்த அறிக்கை மேலிடத்துக்கு மட்டும் போகாமல், கல்லூரி நூலகத்தில் எவரும் படிக்கும்படி இருக்க வேண்டும். அதைக் காட்டி எந்த ஆசிரியரின் பதவி உயர்வையும் நிறுத்தக் கூடாது, எந்தக் கல்லூரிக்கும் நட்சத்திரம் கொடுக்கக் கூடாது. பரிசும் தண்டனையும் இல்லாத இடத்தில்தான் உண்மை தைரியமாக உட்காரும். இன்னொரு விதியும் சேர்ந்தால் போதும்: ஒரு படிப்பின் ஒரு முழுச் சுற்று முடிந்து, அதை நடத்தியவர்களின் அறிக்கை கல்விக் கவுன்சிலின் மேஜைக்கு வராமல், அந்தப் படிப்பை மாற்றும் எந்தத் தீர்மானமும் எடுத்துக்கொள்ளப்படக் கூடாது. துணைவேந்தருக்கும் அமைச்சகத்துக்கும் அவசரம் இருக்கலாம். மாணவருக்கு இருப்பது ஒரே ஒரு இளமைதான்.

2022-இல் வந்த திட்டத்துக்கு இந்தச் சோதனை மிகப் பொருந்தும். முன்பு ஆறு கிரெடிட் பெற்ற ஹானர்ஸ் முக்கியப் பாடங்கள் இப்போது நான்கு கிரெடிட். விடுபட்ட நேரத்தில் இரண்டு கிரெடிட் மதிப்புக்கூட்டுப் பாடங்களும் திறன் வளர்ப்புப் பாடங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. முக்கியப் பாடம் நீர்த்துப்போகிறது என்கிறார்கள் ஒரு சாரார். ஒரே துறைக் கிணற்றிலிருந்து மாணவர் வெளியே வருகிறார் என்கிறார்கள் மற்றவர்கள். 2013-இல் நடந்த அதே சண்டை, அதே சொற்கள். அன்றைக்கு விட்ட வாய்ப்பு இன்றைக்கும் கையில் இருக்கிறது. மூன்று ஆண்டு விடைத்தாள்கள் இருக்கின்றன, நடத்திய ஆசிரியர்கள் இருக்கிறார்கள், படித்தவர்கள் அதே வளாகத்தில் நடமாடுகிறார்கள்.

நான்காம் ஆண்டு படிப்பவருக்கு முதுகலை ஓராண்டில் முடியும் என்பது கணக்கு. மூன்றாண்டோடு நிற்பவருக்கு முதுகலை இரண்டாண்டு. பீகாரின் ஒரு சிற்றூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பிள்ளையைத் தில்லிக்கு அனுப்பிவிட்டு, விடுதி வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் மாதாமாதம் எண்ணிப் பார்க்கும் குடும்பம், எதைத் தேர்ந்தெடுப்பது? நான்காம் ஆண்டில் கிடைப்பது ஆராய்ச்சிப் பயிற்சியா, அல்லது இன்னொரு ஆண்டின் காத்திருப்பா என்று அவர்களுக்கு யார் சொல்வது? சேர்க்கை அறிவிப்பு சொல்லாது, தரச்சான்றுப் பலகையும் சொல்லாது. வகுப்பில் நின்று பாடம் நடத்தியவருக்கே அது தெரியும்.

அவர் சொல்ல ஓர் அவையும், சொன்னால் வேலை போகாது என்ற உறுதியும், சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த தீர்மானம் என்ற விதியும் வேண்டும். மூன்றையும் தருவது பல்கலைக்கழகத்தின் கடமை. கிடைத்த பிறகு, கசந்தாலும் உண்மையைச் சொல்வது ஆசிரியரின் கடமை. இரண்டில் ஒன்று தவறினாலும், ஏழாவது மாற்றத்தை எழுதிக்கொண்டு வர எங்கோ ஒரு குழு தயாராகத்தான் இருக்கும்.